ஓட்டைக் காலணா விவகாரம்

அன்புள்ள கோபாலுக்கு,

இங்கு எல்லோரும் நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? இத்தனை நாள் எழுதவில்லையே என்று திட்டுவதானால் நேரில் வைத்துக்கொள்ளலாம். இப்போது நம்ம பாலு விஷயம்.

ரிட்டயர் ஆனதிலிருந்து ஆள் நாணயப் பைத்தியமாகிவிட்டான். 1943-ஆம் வருஷத்து ஓட்டைக் காலணா ஒன்றை எட்டாயிரம் கொடுத்து வாங்கியிருக்கிறான். 'எரர் காயின்டா, அடிக்கும்போதே ஓட்டை தள்ளிப்போயிடுச்சு, சுத்தி ஒரு வளையம் வேற விழுந்திருக்கு' என்று ஒரே பெருமை. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். யுத்த காலத்தில் செம்பை மிச்சம் பிடிக்க ஓட்டை போட்டு அடித்த காசு அது. அந்த ஓட்டைக்காகவே பலர் அதை வாஷராக மாட்டிவிட்டார்கள். இவன் சொல்லும் வளையம், நட்டு உட்கார்ந்து நசுக்கிய தடம். ஓட்டை வட்டமாகவே இல்லை, ஒரு பக்கம் நீண்டிருக்கிறது. உள்விளிம்பில் அரம் போட்ட கோடுகள் அப்படியே தெரிகின்றன. காசு அடிக்கும் மின்ட்டிலேயே விலகியிருந்தால் ஓட்டை அதே அளவில், அதே வட்டமாக இருக்கும். இடம்தான் மாறியிருக்கும்.

சொன்னேன். 'உனக்குப் பொறாமை' என்றான். காலேஜில் கேரம் போர்டு விஷயத்திலும் இதையேதான் சொன்னான், ஞாபகம் இருக்கிறதா?

அடிக்கும்போதே நேர்ந்த தவறா, பின்னால் பட்ட சேதமா என்று கண்டுபிடிப்பதில் பெரிய வித்தை ஒன்றுமில்லை. காசை அடிக்கும் அச்சான டையில் விரிசல் விட்டால் அந்தப் பிளவுக்குள் உலோகம் ஏறும். காசில் அது மேடான கோடாக நிற்கும். பின்னால் பட்ட கீறல் பள்ளம், ஓரத்தில் உலோகம் ஒதுங்கியிருக்கும். ஓரம் வெட்டுப்பட்ட காசென்றால் வெட்டுக்கு நேர் எதிரே பார்க்க வேண்டும். வில்லை, அதாவது அடிப்பதற்கு முந்தைய வெற்றுத் தகடு, வெட்டுப்பட்டிருந்து அதில் அடித்ததானால் அந்த எதிர்விளிம்பு பெரும்பாலும் மங்கியிருக்கும். பிறகு கத்தரித்ததில் எதிர்ப்பக்கம் ஜம்மென்று இருக்கும். சேகரிப்பவர்கள் 'லக்கி' என்று சொல்லும் எரர் காசில் ஒரு பக்கம் ராஜா தலை, மறுபக்கம் அதே தலை இடவலம் மாறிக் குழிந்திருக்கும். இரண்டு காசைப் பட்டறை வைஸில் வைத்து நெருக்கி இதையும் போலியாகச் செய்கிறார்கள். ஆனால் குழிவுக்கு அடியில் பழைய எழுத்தின் மிச்சம் காட்டிக் கொடுத்துவிடும்.

கொஞ்சம் ஏமாற்றுவது எது தெரியுமா? அடி சரியாக விழாத காசு. பார்த்தால் தேய்ந்தது மாதிரியே இருக்கும். தேய்மானம் மேட்டிலிருந்து ஆரம்பிக்கும்: கன்னம், காது, கிரீடம். அங்கே வழவழப்பாகிவிடும். அடி குறைந்ததில் மேடு மொட்டையாக இருந்தாலும் அங்கே வில்லையின் பழைய சொரசொரப்பு மிச்சமிருக்கும், சுற்றிலும் புதுக்காசின் பளபளப்பு.

எட்டாயிரம் போனால் போகட்டும். என் கவலை வேறு. இன்னும் 'எரர்' வாங்க, அவன் அம்மா விட்டுப்போன வெள்ளி ரூபாய்களை எடைக்குப் போடப் போகிறானாம். 'எல்லாம் தேஞ்சு போச்சுடா' என்கிறான். தேய்ந்தால் என்ன? ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய் ஒவ்வொன்றும் அடித்தபோது 11.66 கிராம், அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொரு பங்குக்கு மேல் சுத்த வெள்ளி. அதைவிட முக்கியம், அதில் 1911 இருக்கிறதா என்று அவன் பார்க்கவே இல்லை. அந்த வருஷத்து ரூபாயில் ராஜாவின் அங்கியில் இருந்த யானை பன்றி மாதிரி இருக்கிறது என்று பெரிய ரகளை. வெளியே விடாததை உருக்கிவிட்டு 1912-இல் யானையைத் திருத்தி அடித்தார்கள். மின்ட் தவறு இல்லை, வரைந்தவர் கைவண்ணம். தேய்ந்த காசில் அது யானையா பன்றியா என்று யாராலும் சொல்ல முடியாது; வருஷத்தைப் படித்தால் போதும்.

அந்தம்மா நமக்குப் போட்ட சாப்பாட்டுக்காவது நீ இதைச் செய்ய வேண்டும். நீ சொன்னால் கேட்பான். இந்த வாரமே போ. விற்பதற்கு முன் எல்லாக் காசையும் மேஜையில் பரப்பி வருஷம் பார்த்துப் பிரித்து வை. முக்கியமாக, புளி போட்டுத் தேய்க்க விடாதே. விளக்கிய காசுக்கு மதிப்பு குறைந்துவிடும். நான் எழுதியதாக மூச்சு விடாதே.

உன்,
சேகர்