ஒன்பது நாள் நடந்து தேடியவர்களுக்கு

வணக்கம். சென்னை நங்கநல்லூரில் முப்பது வருடமாகக் குடியிருக்கிறேன். போன மார்கழியில் விடிவதற்கு முன் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தபோது, பைக்கில் வந்த இரண்டு பேர் என் தாலிச் செயினை இழுத்துக்கொண்டு போனார்கள். ஆறு சவரன். இழுத்த வேகத்தில் குப்புற விழுந்தேன். வலது மணிக்கட்டு உடைந்தது, கழுத்தில் ஆழமாக அறுத்துவிட்டது. எங்கள் பகுதியில் அந்த மாதம் அது மூன்றாவது பறிப்பு. நடைப்பயிற்சிக்குப் போகிற பெண்கள் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் போட்டுக்கொண்டு வந்த மாதம் அது.

இப்போது கை கூடிவிட்டது, செயினும் வந்துவிட்டது. நேரில் நன்றி சொல்லப் போனால் அழுகைதான் வருகிறது. அதனால் எழுதுகிறேன்.

முதலில் எங்கள் நலச்சங்கச் செயலாளர் ஐயாவுக்கு. 2017 வாக்கில் மாநகரக் காவல்துறை 'மூன்றாவது கண்' என்று தெருவுக்குத் தெரு கேமரா வைக்கச் சொன்னபோது, வீடு வீடாக ஏறி இறங்கிப் பணம் வசூலித்தவர் இவர்தான். வைத்ததோடு பல தெருக்கள் மறந்துவிட்டன. இவர் மட்டும் மாதம் ஒரு தடவை ஏணி போட்டு லென்ஸைத் துடைப்பார், பதிவு ஓடுகிறதா என்று பார்ப்பார். இந்த எழுபத்து மூன்று வயதில் எதற்கு என்று கேட்டிருக்கிறேன். மன்னியுங்கள் ஐயா, அதற்கான பதில் எனக்கு இப்போது தெரியும்.

குரோம்பேட்டை அரசு மருத்துவமனையில் கட்டுப் போட்ட டாக்டருக்கும், ஏ.ஆர். என்கிற விபத்துப் பதிவேட்டில் எழுதி முடியும்வரை என் தலையைப் பிடித்துக்கொண்டு நின்ற நர்ஸ் அம்மாவுக்கும் நன்றி.

அப்புறம் போலீஸ். நான் ஸ்டேஷன் படி ஏறவே இல்லை. பெண்களிடம் அவர்கள் வீட்டுக்கே வந்துதான் விசாரிக்க வேண்டும் என்பது சட்டம் என்று சொல்லி, பெண் காவலர் ஒருவர் வந்து என் கட்டில் ஓரமாக உட்கார்ந்து வாக்குமூலம் எழுதினார். எஃப்ஐஆர் நகல் அன்று மாலையே கையில் வந்தது. புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் பறிப்புக்கென்றே 304-ஆம் பிரிவு இருக்கிறது, காயம் பட்டிருப்பதால் வழிப்பறியும் சேரும் என்று ரைட்டர் பொறுமையாக விளக்கினார்.

எங்கள் கேமராவில் தெரிந்தது ஹெல்மெட்டும், மடக்கி வைத்த நம்பர் பிளேட்டும்தான். குற்றப்பிரிவு எஸ்.ஐ.யும் இரண்டு ஏட்டுகளும் அதோடு விடவில்லை. தப்பித்துப் போனவன் ஜாக்கிரதையாக இருப்பான், வரும்போது அவ்வளவு ஜாக்கிரதை இருக்காது என்று சொல்லி, வண்டி வந்த வழியைப் பின்னோக்கிப் பிடித்தார்கள். மருந்துக்கடை, அடுக்குமாடி, கோயில், பள்ளிக்கூடம் என்று ஒவ்வொரு கேமராவாகக் கேட்டுக்கேட்டு நடந்தார்கள். பாஸ்வேர்ட் தெரியாத கடைக்காரர்கள், ஊருக்குப் போன வீட்டுக்காரர்கள் என்று எத்தனையோ தடை. மூன்றாம் நாள் கிண்டிப் பக்கம் ஒரு டீக்கடை வாசலில், ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு இருவரும் டீ குடிப்பது கிடைத்தது. ஒன்பதாம் நாள் பிடித்தார்கள். அந்த ஒன்பது நாளும் அந்த ஏட்டுகள் சரியாகச் சாப்பிட்டார்களோ என்னவோ.

ஒன்று சொல்ல வேண்டும். 2025 மார்ச் 25 காலை தென்சென்னையில் அடுத்தடுத்துப் பல பெண்களிடம் செயின் பறித்துவிட்டு விமானம் ஏறப் போனவர்களை, அன்றைக்கே விமான நிலையத்தில் மடக்கினார்கள். அந்த வேகம் எங்களுக்கெல்லாம் பெரிய ஆறுதல். மறுநாள் தரமணியில் அவர்களில் ஒருவர் போலீஸ் சுட்டு இறந்தார். அதைப் பலர் கொண்டாடினார்கள். என்னால் முடியவில்லை. என் வழக்கில் பிடிபட்டவர்களை ஆலந்தூர் நீதிமன்றத்தில் பார்த்தேன். கை கால் முழுசாக நின்றார்கள். ஒருவன் என் மகனைவிடச் சின்னவன். கோபம் இருந்தது, ஆனாலும் அவர்களை அப்படிப் பார்த்தது நிம்மதியாக இருந்தது. ஆதாரத்தைத் தேடிப் பிடித்து, ஆதாரத்தோடு ஒப்படைத்தீர்கள். அதற்குத் தனியாக ஒரு நன்றி.

செயினை அடகுக் கடையிலிருந்து மீட்டிருந்தார்கள். பில் தொலைந்துபோயிருந்தது. மகள் கல்யாண ஆல்பத்தைக் காட்டித்தான் என்னுடையது என்று நிரூபித்தேன். வழக்கு முடியும்வரை விற்க மாட்டேன், மாற்ற மாட்டேன் என்று எழுதிக் கொடுத்து வாங்கி வந்திருக்கிறேன். அறுந்த கண்ணி அறுந்தபடியே பீரோவில் இருக்கிறது.

இப்போது மறுபடியும் கோலம் போடுகிறேன். ரோந்து பைக் எங்கள் தெருமுனையில் ரோந்து வந்ததற்கு அடையாளமாகப் பட்டா புத்தகத்தில் கையெழுத்துப் போட நிற்கும்போது, "அம்மா, சரியா இருக்கீங்களா?" என்று ஒரு குரல் வரும். அவர்களுக்கும் நன்றி.

கடைசியாக, பால் பாக்கெட் போட வந்த அந்தத் தம்பிக்கு. சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு பைக் பின்னால் ஓடினாய். பிடிக்க முடியாமல் திரும்பி வந்து, உன் துண்டை என் கழுத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் கூடவே வந்தாய். பேர் கேட்பதற்குள் போய்விட்டாய். அடுத்த வாரத்திலிருந்து வேறு பையன் வருகிறான். துண்டைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வாப்பா.