ஐரோப்பாவா, ஆசியாவா: மாலதிக்கு ஒரு பதில்

அன்புள்ள மாலதி,

உன் கடிதம் கிடைத்தது. தோள்வலி குறைந்து நீ மறுபடி பூல் மேசைக்குத் திரும்பிவிட்டாய் என்பதே எனக்குப் பெரிய செய்தி. உன் மகளும் கியூ பிடிக்கப் பழகுகிறாள் என்று எழுதியிருக்கிறாய். ஆட்டத்தைத் தொடங்கும் பிரேக் அடியை வேகமாக அடிப்பதற்கு முன்னால் வெள்ளைப் பந்தை நினைத்த இடத்தில் நிறுத்த அவளுக்குக் கற்றுக்கொடு. இங்கே எல்லோரும் நலம். புதுக் கண்ணாடி போட்ட பிறகு நீளமான ஷாட்களில் பந்தின் விளிம்பு மீண்டும் தெளிவாகத் தெரிகிறது. அதனால் மாலை நேரத்து ஆட்டத்தில் பழைய உற்சாகம் வந்திருக்கிறது.

உன் கடைசிப் பத்திக்கு வருகிறேன். ஐரோப்பாவும் அமெரிக்காவும் ஆண்டுதோறும் அணியாக மோதும் மோஸ்கோனி கோப்பையைப் பார்த்தாலே போதும், பூல் ஆட்டத்தில் ஐரோப்பாதான் உலகிலேயே வலிமையான பகுதி, இதற்குமேல் பேச்சே வேண்டாம் என்று முடித்திருந்தாய். பேச்சு வேண்டும், மாலதி.

அந்தக் கோப்பை எதைக் காட்டுகிறது? 1994இல் தொடங்கியதிலிருந்து 2005 வரை அமெரிக்கா தோற்றது 1995லும் 2002லும் மட்டும்தான். 2006இல் சமநிலை. பிறகு காற்று திசைமாறியது. 2010 முதல் 2017 வரை தொடர்ந்து எட்டு ஆண்டுகள் ஐரோப்பாவுக்கே வெற்றி. 2018லும் 2019லும் அமெரிக்கா வென்றபோது அதன் தலைவராக நின்றவர் யோஹான் ருயிசிங்க் என்ற டச்சுக்காரர். அதற்கு முன் ஐரோப்பிய அணியை வெற்றிகளுக்கு நடத்திச் சென்றவரும் அவரே. 2020 முதல் 2024 வரை மறுபடியும் ஐரோப்பா. ஆகவே அமெரிக்காவைவிட ஐரோப்பா வலிமையானது என்றால் மறுவார்த்தை இல்லாமல் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த மேசையில் ஆசியாவுக்கு இடமே இல்லை. வராதவர்களை எப்படித் தோற்றவர்களாகக் கணக்கிடுவது?

ஓர் ஆண்டின் முடிவை மட்டும் வைத்துக்கொண்டு பேசுவதும் எனக்கு ஒப்பவில்லை. ஆட்டக்காரர்களின் திறமையை எண்ணால் அளக்கும் ஃபார்கோ ரேட் மதிப்பெண்ணை நீயும் பார்ப்பாய். இரண்டு பேருக்கு இடையே 100 புள்ளி வித்தியாசம் என்றால், பலசாலி இரண்டு ராக் (பந்துகளை அடுக்கி ஆடும் ஒரு சுற்று) வெல்லும் நேரத்தில் மற்றவர் ஒன்று வெல்வார். உச்சியில் இருப்பவர்களுக்கு இடையே அவ்வளவு இடைவெளி கிடையாது. 20 புள்ளி வித்தியாசம் என்று வைத்துக்கொண்டு காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மோஸ்கோனி கோப்பையில் இருப்பதுபோல் ஐந்து ராக் முதலில் எடுப்பவருக்கு வெற்றி என்றால், மதிப்பெண் குறைந்தவர் நூறு ஆட்டங்களில் நாற்பதுக்கு மேல் வென்றுவிடுவார். பதினொரு ராக் வரை நீட்டினாலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அவருக்குத்தான். எட்டு ஆண்டுத் தொடர் வெற்றியை இந்தக் கணக்கால் அசைக்க முடியாது. ஒரே ஒரு வாரத்து வெற்றியை அசைத்துவிடலாம். 2024இல் மணிலாவில் நடந்த முதல் ரேயஸ் கோப்பையில் ஐரோப்பா ஆசியாவை வென்றதை நீ நினைவூட்டுவாய் என்று தெரியும். வென்றது உண்மைதான். ஐந்து பேருக்கு எதிரே ஐந்து பேர், குறுகிய ஆட்டங்கள், ஒரே வாரம். அதற்குரிய எடையை மட்டும் அதற்குக் கொடுப்போம்.

உலக நைன்பால் (ஒன்பது பந்து பூல்) பட்டங்களை எண்ணினால்? 2015 முதல் 2025 வரை பத்துப் பட்டங்கள். 2020இல் போட்டி இல்லை. தைவானின் கோ பின்-யி ஒருமுறை, பிலிப்பைன்ஸின் கார்லோ பியாடோ 2017லும் 2025லும். ஐரோப்பாவுக்கு ஐந்து: ஆல்பின் ஊஷன் இரண்டு முறை, ஜோஷுவா ஃபில்லர், பிரான்சிஸ்கோ சான்செஸ் ரூயிஸ், ஃபெடோர் கோர்ஸ்ட். அமெரிக்காவுக்கு 2022இல் ஷேன் வான் போனிங், 2024இல் மறுபடி கோர்ஸ்ட். ஆம், அதே கோர்ஸ்ட்தான். 2019இல் ரஷ்யராக வென்றவர் 2024இல் அமெரிக்கக் கொடியின்கீழ் வென்றார். மாஸ்கோவில் பிறந்து வளர்ந்த கையை எந்தக் கண்டத்தின் கணக்கில் எழுதுவது? பதினாறு வயதில் தைவானுக்காக உலகப் பட்டம் வென்ற வூ ஜியா-சிங் பின்னால் சீனாவுக்குப் போனார். மனிதர்கள் இப்படி இடம் மாறிக்கொண்டிருக்கும்போது பகுதிவாரிப் பட்டியலின் கோடுகள் தாமாகவே கலைந்துபோகின்றன.

என் மனம் எப்போதும் பிலிப்பைன்ஸ் பக்கம்தான் சாய்கிறது. அதற்குக் காரணம் இருக்கிறது. 1985இல் அந்நாட்டின் எஃப்ரேன் ரேயஸ் அமெரிக்காவின் ஹூஸ்டனுக்கு வந்தபோது சீசர் மொராலஸ் என்ற பொய்ப்பெயரில் ஆடினார். பெயர் அமெரிக்காவரை பரவியிருந்தது, முகம்தான் யாருக்கும் தெரியாது. 1994இல் யு.எஸ். ஓப்பன் பூல் போட்டியை வென்ற முதல் வெளிநாட்டவர் அவர். 1996இல் ஹாங்காங்கில் அமெரிக்கரான ஏர்ல் ஸ்டிரிக்லாண்டுடன் 120 ராக் வரை நடந்த அந்த நீண்ட பந்தயத்தை 120-117 என்று முடித்தார். இவ்வளவு ராக் ஆடிய பிறகும் மூன்றே ராக் இடைவெளி! வெள்ளைப் பந்தை முதலில் மேசை ஓரத்துக் குஷனில் மோதவிட்டுப் பந்தைத் தொடும் அவருடைய கிக் ஷாட்களை எல்லோரும் புகழ்கிறார்கள். எனக்கு அவற்றைவிட அவர் வளர்ந்த ஆட்டமுறைதான் முக்கியமாகப் படுகிறது. அங்கே ரொட்டேஷன் ஆடி வளர்கிறார்கள். பதினைந்து பந்துகளும் மேசையில் இருக்கும், எண் வரிசையில் அடிக்க வேண்டும், மொத்தம் 120 புள்ளிகளில் 61 எடுத்தவருக்கு வெற்றி. கூட்டமாகக் கிடக்கும் பந்துகளுக்கு நடுவே வெள்ளைப் பந்துக்கு வழி தேடித் தேடிப் பழகியவருக்கு ஒன்பது பந்து மேசை திறந்த மைதானம் மாதிரி. மறைந்து கிடக்கும் பந்தை மூன்று குஷன் சுற்றிப் போய்த் தொடுவது அவர்களுக்கு அன்றாட வேலை.

ஐரோப்பாவின் பலம் வேறு வகை. அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. யூரோ டூர் என்ற ஐரோப்பியப் போட்டித் தொடர் 1992இலிருந்து நடக்கிறது. இளையோருக்கு ஆண்டுதோறும் ஐரோப்பியப் பட்டப் போட்டி, சங்கங்கள், பயிற்சியாளர்கள் என்று ஏணியின் ஒவ்வொரு படியும் இருக்கிறது. ஃபில்லர் அந்த ஏணியில் ஏறி வந்தவர்தான். இருபத்தொரு வயதில் தோஹாவில் உலகப் பட்டம் வென்றார். ஜெர்மனி, போலந்து, ஸ்பெயின், ஆஸ்திரியா, கிரீஸ், அல்பேனியா என்று எங்கிருந்தும் ஒருவர் வந்துகொண்டே இருக்கிறார். ஒருவருக்கொருவர் அடிக்கடி மோதிக்கொள்கிறார்கள், பயணத் தூரமும் குறைவு. எதிராளிக்குப் பந்தே தெரியாதபடி வெள்ளைப் பந்தை ஒளித்துவைக்கும் சேஃப்டி ஆட்டத்தில் அவர்களுடைய நிதானம் இந்தச் சூழலில் பிறந்தது.

அமெரிக்காவைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. கோடைமழைபோல் வந்து போகும் தொழில்முறைத் தொடர்கள், ஏழடி மேசையில் ஆடும் பெரும் அமெச்சூர் கூட்டம், உச்சியில் மிகச் சிலர். 2002இல் ஸ்டிரிக்லாண்டுக்குப் பிறகு அடுத்த அமெரிக்க உலக சாம்பியனுக்கு 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வான் போனிங் காதுகேளாமையோடு தெற்கு டகோட்டாவிலிருந்து வந்து ஐந்து யு.எஸ். ஓப்பன் பட்டங்கள் வென்றவர். அவரை நினைத்தால் மனம் நிறைகிறது. அவர் பின்னால் நிற்கும் வரிசை சிறியது.

சீனாவைத்தான் இந்த ஒப்பீடுகள் சரியாக அளப்பதில்லை. அங்கே ஆண்களின் திறமையில் பெரும்பகுதி ஹேபால் என்ற சீன எட்டுப்பந்து ஆட்டத்துக்குப் போய்விடுகிறது. ஸ்னூக்கர் மேசைபோல் வளைந்த, குறுகலான பாக்கெட்டுகள், பெரிய பரிசுத்தொகை. நைன்பால் பட்டியலில் அவர்கள் குறைவாகத் தெரிவது திறமை இல்லாததால் அல்ல. பெண்கள் பிரிவைப் பார்த்தால் உனக்கே விளங்கும். 1996 முதல் 2001 வரை இங்கிலாந்தின் அலிசன் ஃபிஷர் நான்கு உலகப் பட்டங்கள் வென்ற காலம் உனக்கு நினைவிருக்கும். அதன்பின் தென்கொரியாவின் கிம் கா-யங் இரண்டு, 2007இல் சீனாவின் பான் ஷியாவ்டிங், பிறகு ஹான் யூ மூன்று, 2024இல் நியூசிலாந்தில் பிலிப்பைன்ஸின் ருபிலன் அமித். ஐரோப்பா, ஆசியா என்று பேசுகிற பலர் ஆண்களை மட்டும் எண்ணிவிட்டு நிறுத்திக்கொள்வது எனக்குக் கோபமூட்டுகிறது. பெண்களையும் சேர்த்தால் தராசு எந்தப் பக்கம் சாயும் என்று நீயே சொல்.

கடைசியாக ஒன்று. மதிப்பெண் முறை எதுவானாலும், இரண்டு பகுதி ஆட்டக்காரர்கள் அடிக்கடி மோதினால்தான் ஒரு பகுதியின் எண்ணை இன்னொரு பகுதியின் எண்ணோடு ஒப்பிட முடியும். மோதலே இல்லாவிட்டால் இரண்டும் தனித்தனித் தீவுகள். ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவுக்கு நிறையப் பேர் போய்வருகிறார்கள். மணிலாவிலிருந்து விசாவும் விமானச் செலவும் கிடைத்துக் கிளம்புபவர் சிலரே. மற்றவர்கள் உள்ளூரிலேயே பணப்பந்தயம் ஆடுகிறார்கள். அந்த ஆட்டங்கள் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. ஒரு காலத்தில் கோல்ஃப் மைதானத்தில் மட்டைப்பை தூக்கிக்கொண்டிருந்த பியாடோ இன்று இரண்டு முறை உலக நைன்பால் சாம்பியன். அவரைப்போல் வெளியே வர முடியாத எத்தனை கைகள் அங்கே இருக்கும்! ஆகவே என் கணிப்பு இதுதான்: முதல் ஐந்து பேரைக் கேட்டால் ஐரோப்பா, மயிரிழை வித்தியாசத்தில். முதல் நூறு பேரைக் கேட்டால் ஆசியா, அதிலும் பிலிப்பைன்ஸும் தைவானும். வியட்நாமும் வேகமாக ஏறி வருகிறது.

2024இலிருந்து ஜெட்டாவில் நடக்கும் உலகப் போட்டியில் மொத்தப் பரிசு பத்து லட்சம் டாலர். பணம் பெருகினால் இதுவரை வராதவர்களும் வருவார்கள். அடுத்த முறை ஒளிபரப்பைப் பார்க்கும்போது அரையிறுதிவரை காத்திருக்காதே. முதல் இரண்டு நாள் ஓரத்து மேசைகளைப் பார். பெயர் தெரியாத ஆசிய ஆட்டக்காரர்கள் பெயர் தெரிந்த ஐரோப்பியர்களை எத்தனை ராக் வரை இழுக்கிறார்கள் என்று குறித்துவைத்து எனக்கு எழுது. நானும் குறித்துவைக்கிறேன், இரண்டு தாள்களையும் ஒப்பிட்டுப் பார்ப்போம்.

மகளுக்கு என் அன்பைச் சொல். தோளை இன்னும் கொஞ்ச நாள் பார்த்துக்கொள்.

அன்புடன்,
வசந்தா