பயேயாவை விடு, பிள்ளை

வெள்ளவத்தை

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம். நீ அனுப்பிய ஸ்பானிய விருந்துப் பட்டியலை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். சனிக்கிழமை இரவு உன் கூட்டாளிகள் பன்னிரண்டு பேர், இறால் போட்ட பயேயா என்ற அரிசிச் சாப்பாடு, பன்றி ஹாம், ஓலிவ், பழம் போட்ட வைனான சங்கிரியா. அம்மா முதல் கேட்டது, "வெறும் சோறு இல்லையா?" அடுத்துக் கேட்டது, "இவள் எப்போது அதுகளோடு இருந்து கதைக்கப்போகிறாள்?" அந்த இரண்டாவது கேள்விதான் என்னை இதை எழுத வைத்தது.

பயேயாவை விட்டுவிடு. அது சாப்பிடுகிறவர்கள் வந்து குந்திய பிறகு இறக்கவேண்டிய சாப்பாடு. அகன்ற தட்டைத் தாச்சியின் அடி முழுவதும் ஒரே சூடு படவேண்டும். எங்கள் குசினி அடுப்பில் நடு கருகும், ஓரம் வேகாது. அரிசியைக் கிண்டவும் கூடாது. அடியில் பிடிக்கும் அந்த மொறுமொறுப்புக்காகத்தான் ஸ்பானியர் சண்டை பிடிப்பார்கள். நான் ஹோட்டலில் வேலை செய்த காலத்தில் ஸ்பானிய உணவு வாரம் ஒன்றுக்கு வலென்சியாக்காரர் ஒருவர் வந்தார். இரவுச் சாப்பாட்டுக்குப் பயேயா கேட்டால் அவருக்கு முகம் சுருங்கிப்போகும். அவருடைய ஊரில் அது மத்தியானச் சாப்பாடு. கோழியும் முயலும் பச்சை அவரையும் போட்டுச் செய்வார்கள். பயேயா இல்லையென்றால் குங்குமப்பூவும் வேண்டாம். ஒரு பூவில் மூன்றே மூன்று இழைதான், அதையும் கையால் கிள்ளவேண்டும், விலை ஏறாமல் என்ன செய்யும்?

ஸ்பானியர் வீட்டில் அன்றாடம் சாப்பிடுவது கிழங்கு, முட்டை, கொண்டைக்கடலை, பழைய பாண். ஆறினாலும் ருசி குறையாத சாமான்கள், சில மறுநாள்தான் ருசியே. அதை வைத்துத்தான் நான் கணக்குப் போட்டேன். சமையலில் காசு போவது ஒரு போத்தல் நல்ல ஓலிவ் எண்ணெய்க்கு மட்டும். ஹாம் வேண்டாம். விலையை விடு, உன் கூட்டாளிகளில் மூன்று பேர் முஸ்லிம் பிள்ளைகள், அவர்களுக்கு முன்னால் அதை ஏன் வைப்பான்?

நீ புதன் காலமை இறங்குகிறாய். மறுநாள் வியாழன் போயா, பௌர்ணமி விடுமுறை. அன்று வைன் கடை பூட்டு, இறைச்சியும் வாங்க ஏலாது. ஆகையால் கோழியையும் வைனையும் நான் புதனே வாங்கி வைக்கிறேன். வியாழன் ஆறுதலாகக் கோழியைச் செய்வோம். அரகோன் பக்கத்துச் சமையல் அது, சிலிந்த்ரோன் என்பார்கள். இரண்டு கோழியைச் சின்னத் துண்டாக வெட்டி, உப்புப் பிரட்டிப் பொரித்து எடுத்துவிட்டு, அதே எண்ணெயில் பம்பாய் வெங்காயம், உள்ளி, குடைமிளகாய், தக்காளி எல்லாம் போட்டுச் சுருளச் சுருள வதக்கி, கோழியைத் திரும்பப் போட்டு மூடவேண்டியதுதான். சிவப்புக் குடைமிளகாய் விலை கூட என்றால் பாதிக்குக் கறிமிளகாய் போடலாம். உறைப்பு வேண்டாம்; அம்மா தூள் போத்தலோடு வந்தால் நீதான் மறிக்கவேண்டும்.

இதில் ஒன்றைக் கவனி. சமைத்த கோழியைப் பெரிய பானையோடு பிரிட்ஜுக்குள் தள்ளாதே. மேலே குளிர்ந்திருக்கும், நடுவில் மணிக்கணக்காக இளஞ்சூடு நிற்கும், அந்தச் சூட்டில்தான் பழுதாகும். ஹோட்டலில் நாங்கள் தாழ்ந்த தட்டங்களில் இரண்டு விரல் உயரத்துக்குப் பரப்பி, காற்றாடிக்குக் கீழே வைத்து ஆவி அடங்கியதும் உள்ளே வைப்போம். சனிக்கிழமை அதை நன்றாகக் கொதிக்கவிட்டு இறக்கு, வெறும் சூடு காட்டினால் போதாது.

வெள்ளி காலமை மீன். பேலியகொடை மீன் சந்தைக்குப் போக எனக்கு முழங்கால் விடாது, வெள்ளவத்தைச் சந்தையிலேயே ஒரு கிலோ சூரை வாங்குகிறேன். துண்டுகளைப் பொரித்து, வினாகிரி, எண்ணெய், மிளகு, உள்ளி, கரட், பிரிஞ்சி இலை எல்லாம் சேர்த்துக் காய்ச்சி மேலே ஊற்றி மூடி வைத்தால் எஸ்கபேச்சே. ஆறியதும் பிரிட்ஜில் வை. மறுநாள் இரவு அது தனி ருசி. தென்னை வினாகிரி நல்லாகப் பொருந்தும். கடையில் செயற்கை வினாகிரியைத் தந்துவிடுவான், போத்தலைத் திருப்பி வாசித்துப் பார்த்துத்தான் எடுப்பேன்.

மரக்கறிக்காரருக்கு செவில்லாப் பக்கத்துக் கடலையும் கீரையும். முக்கால் கிலோ கடலையை வியாழன் இரவு ஊறப்போட மறக்காதே. பாண் துண்டையும் உள்ளியையும் எண்ணெயில் பொரித்து, சின்னச்சீரகம், கொஞ்சம் வினாகிரியோடு அம்மியில் அரைத்து, அவித்த கடலையிலும் பசளியிலும் கலக்கவேண்டும். குழம்பு தடிப்பது அந்தப் பாணால்தான். அம்மாவுக்குப் பிடிக்கப்போவது இதுதான் என்று எனக்குத் தெரியும், ஆனால் சொல்லமாட்டாள்.

வெள்ளி இரவு கஸ்பாச்சோ, குளிரக் குடிக்கிற தக்காளி சூப். தக்காளி ஒன்றரைக் கிலோ, ஒரு வெள்ளரிக்காய், ஒரு குடைமிளகாய், இரண்டு பல் உள்ளி, ஊறவைத்த பழைய பாண், எண்ணெய், வினாகிரி, உப்பு. அரைத்து வடித்துப் பிரிட்ஜில் வை. கொழும்பு வெக்கைக்கு வந்தவுடன் ஆளுக்கொரு சின்னக் கிளாஸ் கையில் கொடுத்தால், பிந்தி வருகிறவர்களுக்காக மற்றவர்கள் பசியோடு பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. அந்த வாரம் தக்காளி விலை ஏறிக்கிடந்தால் இதை விட்டுவிடுவோம், வீம்பு வேண்டாம்.

கிழங்கு முட்டை டோர்ட்டியாவைச் சனி பின்னேரம் நீயே செய், அதில்தான் உனக்குப் பெயர். ஒன்றரைக் கிலோ நுவரெலியாக் கிழங்கு, பதினாலு முட்டை, மூன்று பம்பாய் வெங்காயம். இரண்டு டோர்ட்டியா வரும். கிழங்கையும் வெங்காயத்தையும் மெல்லியதாகச் சீவி, எண்ணெயில் அமிழ்த்தி, மெல்லிய நெருப்பில் வேகவை. பொரியும் சத்தம் கேட்கக்கூடாது, சின்னக் குமிழி மட்டும் வந்தால் போதும். கரண்டியால் அழுத்தினால் துண்டு உடையும்போது எண்ணெயை வடி. சூட்டோடு கிழங்கை அடித்த முட்டைக்குள் போட்டுக் கால் மணித்தியாலம் விடு; கிழங்கு முட்டையைக் குடிக்கும். பிறகு தாச்சியில் ஊற்று, ஓரம் இறுகியதும் பெரிய தட்டால் மூடி ஒரே மூச்சில் கவிழ். யோசித்து யோசித்துக் கவிழ்த்தால் சிந்தும். எங்கள் வெக்கைக்கு நடுவை இளக விடாமல் நன்றாக இறுகவிடு, சாப்பாட்டு மேசைக்குக் கடைசியில் கொண்டு வா.

வடித்த எண்ணெயைக் கொட்டாதே. வெங்காய வாசம் ஏறின எண்ணெய், அம்மா அடுத்த கிழமை அதிலே கத்தரிக்காய் வதக்குவாள். பொரிக்க முழுதும் ஓலிவ் எண்ணெய் வேண்டியதில்லை, பாதி சூரியகாந்தி எண்ணெய் கலக்கலாம். தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டாம், அதன் மணம் எல்லாவற்றையும் மட்டக்களப்புச் சமையலாக்கிவிடும்.

மற்றதெல்லாம் சின்ன வேலை. றோஸ் பாணைச் சுட்டு, உள்ளியும் பாதி தக்காளியும் தேய்த்து, எண்ணெய் துளி விட்டால் கற்றலோனியாக்காரர் பாண். ஓலிவுக்குப் பதில் உப்பும் மிளகாயும் போட்ட வெரளிக்காய் வைப்போம், வெளியூரிலிருந்து வருகிற பிள்ளைகள் அதைத்தான் தேடித் தின்பார்கள். வைன் வரியோடு சேர்த்துக் கை கடிக்கிற விலை. ஆகவே ஒரு சாடி சங்கிரியா வைன் போட்டு. மற்றச் சாடி முந்திரிகைச் சாறு, தோடம்பழம், தேசிக்காய், கறுவா. சோடாவை ஊற்றும்போதுதான் விடு. இனிப்புக்கு அம்மாவின் கரமல் புடிங். ஸ்பானியர் பிளான் என்பது கிட்டத்தட்ட அதுதான், வெள்ளி செய்து இரவு முழுக்கக் குளிரவிடவேண்டும்.

அம்மா ஒரு பானை சம்பாச் சோறு அடுப்பில் வைக்கத்தான் போகிறாள். வைக்கட்டும். கோழிக் குழம்பைக் கண்டதும் உன் கூட்டாளிகளே கேட்பார்கள்.

முட்டை சாப்பிடாதவர்கள் யார் என்று கேட்டு எழுது. விமானம் எத்தனை மணிக்கு இறங்குகிறது என்றும் எழுது, கட்டுநாயக்காவுக்கு நானும் வருகிறேன். வரும்போது புகை போட்ட பிமென்தோன் தூள் ஒரு சின்ன ரின் வாங்கி வா. ஓக் விறகுப் புகையில் காயவைத்த மிளகாய் அது, இங்கே தேடி அலைய வேண்டியிருக்கும். கடலைக்கும் மீனுக்கும் ஒவ்வொரு தேக்கரண்டி போதும். இனிப்பு வகையாகப் பார்த்து எடு, உறைப்புக்கு இந்த வீட்டில் குறைவில்லை.

அன்புடன்,
அப்பா