ஒன்றும் பதிவாகாத இரண்டு மாதம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நல்ல சுகம். ஹட்டனில் மழை விட்டபாடில்லை.

கொள்கையில் மட்டும் உள்ள குளுயினோ என்ற துணிக்கையை இத்தனை வருஷம் தேடி, கடைசியில் 'இல்லை' என்று எழுதுவதற்கா பேராசிரியர் ஆனேன் என்று கேட்டிருந்தாய். அதை வாசித்ததிலிருந்து மனம் ஆறவில்லை, மகள். 2012 ஜூலையில் ஹிக்ஸ் துணிக்கையை அறிவித்தபோது சொந்தக்காரர் எல்லாரும் நம் வீட்டுக்குப் போன் எடுத்தார்கள். குளுயினோ அகப்படவில்லை என்றால் யாரும் எடுக்கமாட்டார்கள்தான்.

கர்நாடகத்துக் கோலார் தங்கச் சுரங்கத்தில் நடந்ததைக் கேள். மும்பை டாடா ஆராய்ச்சி நிறுவனத்தார் அங்கே மியூவன்களை, அதாவது விண்வெளியிலிருந்து வரும் அண்டக் கதிர் காற்றில் மோதிப் பிறந்து நிலத்தைத் துளைத்து இறங்கும் துணிக்கைகளை, எண்ணினார்கள். ஆழம் கூடக்கூட எண்ணிக்கை குறைந்தது. கடைசியாக, ஏறத்தாழ 2.7 கிலோமீற்றர் ஆழத்தில் இரண்டு மாதமளவில் கருவியை வைத்திருந்தும் ஒன்றுகூடப் பதிவாகவில்லை. அந்த வெறுமையை அவர்கள் தோல்வியாக எடுக்கவில்லை. அண்டக் கதிர் மியூவன் எட்டாத ஆழத்தில், எதனோடும் எளிதில் மோதாமல் பூமியையே ஊடுருவும் நியூத்திரினோவைத் தேடலாம் என்று துணிந்தார்கள். ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகத்தாரும் இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்தார்கள். 1965இல், 2.3 கிலோமீற்றர் ஆழத்தில், அண்டக் கதிர் காற்றில் மோதி உண்டாகும் வளிமண்டல நியூத்திரினோவின் தடம் விழுந்தது. அதே ஆண்டில் தென்னாபிரிக்கச் சுரங்கமொன்றிலும் கண்டார்கள். வளிமண்டல நியூத்திரினோவை அதற்குமுன் உலகில் யாரும் கண்டதில்லை.

அந்தச் சுரங்கத்தில் உழைத்தவர்களில் பெரும்பகுதி தமிழர். நம்மவர் கோப்பிக்கும் தேயிலைக்கும் மலையேறினார்கள், அவர்கள் பாதாளத்துக்கு இறங்கினார்கள். வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

உனக்கும் ஒருநாள் அகப்படும் என்று தேற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. அகப்படாமலே போகலாம். ஜப்பானில் நிலத்தடியில் அமைத்த கமியோகாண்டே ஆய்வுக்கருவியில் 1983 முதல் புரோத்தன் சிதைவை, அதாவது புரோத்தன் தானாகவே உடைவதை, தேடினார்கள். வெடித்தது 1987இல் தெரியவந்த நட்சத்திரத்தின் நியூத்திரினோக்கள் 11 அங்கே பதிவாயின. ஆனால் தேடப்போன சிதைவை இன்றுவரை யாரும் காணவில்லை. அதனால்தான் புரோத்தனின் ஆயுள் பற்றிய எத்தனையோ கொள்கைகளைக் கழிக்க முடிந்தது. எளிய மாதிரிகளின்படி 2 தெரா இலத்திரன்வோல்ற்று அளவு திணிவு வரைக்கும் குளுயினோ இல்லை என்று சொல்ல முடிகிறதே, அதற்கு எத்தனை பேருடைய இரவுவேலை! குளுயினோ போலத் தோன்றும் வேறு நிகழ்வுகளின் பின்னணியைக் கணித்து, பிழை எல்லையைக் கணக்கிட்டு, ஆசைப்பட்ட விடைக்கு வளையாமல் நின்றால்தான் அந்த 'இல்லை'யை எழுதலாம். உன் மாணவர்கள் முன்னால் அதைக் குறைத்துப் பேசாதே. அவர்களும் அதற்காகத்தான் வயதைச் செலவழிக்கிறார்கள்.

சனிக்கிழமை உயர்தரப் பிள்ளைகளுக்கு வகுப்பு இருக்கிறது. உங்கள் கட்டுரையில் விலக்கப்பட்ட பகுதியைக் காட்டும் வரைபை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பு. அச்செழுத்துப் பெரிதாக இருக்கட்டும், பின்வரிசை வாங்கில் இருப்பவர்களுக்கும் தெரியவேண்டும்.

அன்புடன்,
அப்பா