மண்வெட்டியாகும் பட்டயம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உலகில் ஒரு நாள் சமாதானம் நிலைபெறும் என்ற விவிலிய வாக்குறுதி, போரில் அல்லற்படுவோரைத் தூங்கவைக்கும் தாலாட்டே என்று சென்ற இதழில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவருடைய ஐயத்தை நான் குறைகூற மாட்டேன். ஆயினும், அந்த வாக்குறுதி எந்தச் சூழலில் பிறந்தது என்பதைப் பார்த்தால் தாலாட்டு என்ற சொல் பொருந்தாது.

"அவர்கள் தங்கள் பட்டயங்களை மண்வெட்டிகளாகவும், தங்கள் ஈட்டிகளை அரிவாள்களாகவும் அடிப்பார்கள்" என்னும் வசனம், விவிலியத்தின் தீர்க்கதரிசிகளான ஏசாயா, மீகா ஆகியோரின் நூல்களில், ஏசாயா 2ஆம் அதிகாரத்திலும் மீகா 4ஆம் அதிகாரத்திலும் ஏறக்குறைய ஒரே சொற்களில் வருகிறது. பட்டயம் என்பது இங்கே வாள். மீகாவின் ஊரான மொரேசா, யூதா நாட்டின் லாகீஸ் கோட்டைக்கு அருகில் இருந்தது. கி.மு. 701இல் அசீரிய அரசன் சனகெரிப் அக்கோட்டையைத் தகர்த்து மக்களைச் சிறைபிடித்துச் சென்ற காட்சியை அவனே தன் தலைநகரான நினிவேயில் கல்லில் செதுக்கி வைத்தான். அந்தச் சிற்பங்கள் இன்று பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ளன. அசீரியப் படையின் நிழலில் வாழ்ந்த மக்களிடம்தான், அவனவன் தன் அத்திமரத்தின் நிழலில் அச்சமின்றி உட்காருவான் என்று மீகா சொன்னார். ஜாதிகளுக்குள், அதாவது நாடுகளுக்கிடையே, நியாயம் தீர்ப்பவர் கடவுள். ஆனால் இரும்பைக் காய்ச்சி அடிக்கும் வேலை அந்த வசனத்தில் மனிதர்களுடையது.

இந்த வசனத்தைச் சித்திரிக்கும் வெண்கலச் சிலையொன்றை 1959இல் சோவியத் ஒன்றியம் ஐ.நா. தலைமையகத்துக்கு அன்பளிப்பாக வழங்கியது. கடவுளை மறுத்த அரசு தந்த பரிசு இது என்பதில் ஒரு வேடிக்கை உண்டு. அதைவிடப் பெரிய வேடிக்கை கிழக்கு ஜெர்மனியில் நடந்தது. 1980களின் தொடக்கத்தில் அங்கிருந்த திருச்சபை இளைஞர்கள் அதே சிலையின் உருவத்தைத் துணியில் அச்சிட்டுச் சட்டைக் கையில் தைத்துக்கொண்டனர். காகிதத்தில் அச்சிட அரசு அனுமதி வேண்டும், துணிக்கு வேண்டாம் என்பதால் இந்த ஏற்பாடு. சோவியத் சிலையையே தடைசெய்ய வேண்டிய சங்கடத்துக்கு ஆளான அரசு, 1982இல் அந்தச் சின்னத்தை அணியக் கூடாது என்றது. துணியை வெட்டியெடுத்த சிலர், சட்டையில் விழுந்த வட்ட ஓட்டையோடே நடமாடினார்கள். மறுஆண்டு செப்டம்பரில் விற்றன்பேர்க் நகரில் ஒரு கொல்லர், கூடியிருந்தோர் முன்னிலையில் ஒரு வாளை உலையிலிட்டுக் கொழுவாக அடித்தார். லைப்சிக் நகரின் நிக்கோலாய் ஆலயத்தில் திங்கள்தோறும் நடந்த சமாதான ஜெபத்தின் தொடர்ச்சியாக 1989 அக்டோபர் 9 அன்று சுமார் 70,000 பேர் மெழுகுவர்த்திகளோடு வீதியில் நடந்தபோது அரசின் துப்பாக்கிகள் வெடிக்கவில்லை.

வாக்குறுதி நிறைவேறிவிட்டதற்குச் சான்றாக இதை நான் காட்டவில்லை. "உங்கள் மண்வெட்டிகளைப் பட்டயங்களாக அடியுங்கள்" என்று அதே வசனத்தைத் தலைகீழாக்கும் குரலும் யோவேல் நூலில் உண்டு. இன்றைய உலகம் அதைத்தான் கேட்கிறது. ஆனாலும் இந்த எதிர்பார்ப்பு மனிதரைத் தூங்கவைத்தது என்பதை ஒப்ப இயலவில்லை.

அந்த வாசகர் ஏசாயாவின் 2ஆம் அதிகாரத்தில் ஒரு வசனம் கூடுதலாக வாசிக்க வேண்டுகிறேன். நான்காம் வசனம் முழுவதும் எதிர்காலத்தில் பேசுகிறது. ஐந்தாம் வசனமோ, "கர்த்தரின் வெளிச்சத்திலே நடப்போம் வாருங்கள்" என்று இப்போதே அழைக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாளையங்கோட்டை.