தோள்மேல இருக்கிற கை

டேய் குமாரு,

நல்லா இருக்கியான்னு கேக்க மாட்டேன். இல்லைன்னு தெரியும். எப்படித் தெரியும்னு சொல்லத்தான் இந்த மெயில். வாட்ஸ்அப்பில் போட்டா கட்டைவிரலைக் காட்டிட்டுப் போயிடுவ.

போன செவ்வாய்க்கிழமை மணலிப் பக்கம் ஒரு கம்பெனிக்கு மெயின்டனன்ஸ் ஆள் தேடிட்டிருந்தேன். வேலைக்கு ஆள் தேடற நௌக்ரி வெப்சைட்ல நாலாவது பக்கத்துல ஒரு போட்டோ. வெள்ளைச் சட்டை, மீசைக்கு மை, தோள்மேல நாலு விரலு. அது என் விரலுடா! பாபு கல்யாண போட்டோல என்னை வெட்டிக் கடாசிட்டு கையை மட்டும் விட்டு வச்சிருக்க. மோதிரம்கூடத் தெரியுது. சிரிச்சிட்டேன். அப்புறம்தான் கீழே பார்த்தேன்: நோட்டீஸ் பீரியட், உடனே சேரலாம். ஓசூர்ல ஒரே இடத்துல 20 வருஷம் இருந்தவன் உடனே சேரலாம்னு போட்டா என்ன அர்த்தம்னு கம்பெனிகளுக்கு ஆள் பிடிச்சுக் குடுக்கற இந்த வேலையில 11 வருஷமா குப்பை கொட்டற எனக்குத் தெரியாதா? பொங்கலுக்கு போன் பண்ணப்போ "ஓவர்டைம் மச்சி, அப்புறம் பேசறேன்"ன. ஓவர்டைமாம்.

கோவம் இருக்கு, அதை நேர்ல வச்சுக்கறேன். இப்ப உன் பயோடேட்டாவைத் திட்டணும்.

நாங்க ஒவ்வொருத்தனையும் உக்காந்து படிக்கிறோம்னு நினைச்சிட்டிருக்கியா? கம்பெனிக்காரங்க தேடறதுக்குன்னு நௌக்ரியில ரெஸ்டெக்ஸ்னு ஒண்ணு இருக்கு, காசு கட்டி வாங்கணும். அதுல வார்த்தை போட்டுத் தேடுவோம். "ப்ரிவென்டிவ் மெயின்டனன்ஸ்", "ஹைட்ராலிக்ஸ்", "பி.எல்.சி.". ரெண்டு வார்த்தையும் இருக்கணும்னா நடுவுல ஒரு அண்ட், ஏதாவது ஒண்ணு போதும்னா ஆர், வேண்டாதவனைத் தள்ள நாட். நீ என்ன எழுதியிருக்க? "எல்லா மிஷின்களையும் நன்றாகப் பார்த்துக்கொள்வேன்"னு இங்கிலீஷ்ல எழுதியிருக்க. மிஷின் என்ன மாடா, பார்த்துக்கறதுக்கு? மிஷினை ஓட்டற கம்ப்யூட்டர், அந்த சீமென்ஸ் பி.எல்.சி.யை ராத்திரி பூரா உக்காந்து சரி பண்ணேன்னு என்னைத் தூங்கவிடாம சொன்னியே, அந்த வார்த்தை எங்கடா? தேடற வார்த்தை உள்ள இல்லைன்னா நீ எடிசனா இருந்தாலும் எங்க கண்ணுல பட மாட்ட.

மெயில் ஐடி வேற, ராயபுரம்கில்லி. இன்னுமா? அதை மாத்து, இந்த மெயிலைப் படிச்சிட்டு.

லிங்க்ட்இன்லயும் பார்த்தேன். திருத்தணி முருகன் படம், 11 பேர் தொடர்பு, அதுல ஒருத்தன் நான், இன்னொண்ணு உன்னோட பழைய ஐடி. அங்கே யார் யாருக்குத் தெரிஞ்சவன்னு பார்த்து, நடுவுல இருக்கிறவன்கிட்ட "ஆள் எப்படி?"ன்னு விசாரிப்போம். முருகன்கிட்ட எப்படிடா விசாரிக்கிறது? வேலை தேடறேன்னு போட்டோவைச் சுத்தி பச்சையா ஒரு வளையம் வரும், அது ஊருக்கே தெரியும். மானம் தடுத்தா ரெக்ரூட்டருக்கு மட்டும் தெரியற மாதிரியும் வைக்கலாம்.

1998-ல சாந்தோம் எம்ப்ளாய்மென்ட் ஆபீஸ்ல வெயில்ல நின்னோமே, ஞாபகம் இருக்கா? உன் மார்க் ஷீட் மேல மோர் கொட்டின கதை? நௌக்ரி அதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே வந்தாச்சு, நமக்கு யாரு சொன்னா. புதன்கிழமை ஆனா வேலை விளம்பரம் பார்க்க ஹிந்து பேப்பருக்கு பாய் கடையில அடிச்சுக்குவோம், அவ்வளவுதான் நமக்குத் தெரியும். சாந்தோம்ல 3 வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிச்சா போதும், சீனியாரிட்டி நம்மளுது. இங்கே தினமும் ஏதாவது ஒரு வரியைத் தொட்டுட்டே இருக்கணும், அப்பதான் மேலே வருவ. சீனியாரிட்டி?

அதைத்தான் சொல்ல வந்தேன், இவ்ளோ நேரம் சுத்திச் சுத்தி வந்துட்டேன்.

நீ என் கண்ணுல பட்டது தப்பித்தவறிதான். கம்பெனிக்காரன் போன்ல "8-லேர்ந்து 15 வருஷ அனுபவம் போதும் சார், அதுக்கு மேல வேணாம்"னு சொல்லியிருந்தான். வயசுன்னு வாயைத் திறந்து சொல்ல மாட்டாங்க, அனுபவம்னுதான் சொல்லுவாங்க. தேடற பக்கத்துல அனுபவத்துக்கு ரெண்டு கட்டம், சின்ன நம்பர் ஒண்ணு, பெரிய நம்பர் ஒண்ணு. அன்னிக்கு 34 பேர்தான் வந்தாங்க, பத்தலைன்னு பெரிய நம்பரை அழிச்சேன். 112 ஆச்சு. அதுல நீ. அழிக்கலைன்னா நீ இல்லை. 11 வருஷமா தினமும் அந்தக் கட்டத்துல 15-னு அடிச்சிட்டு டீ குடிக்கப் போறவன் நான்தான். எனக்கும் உனக்கும் ஒரே வயசு. அன்னிக்கு ராத்திரி மெட்ரோவுல கிண்டிலேர்ந்து தண்டையார்பேட்டை வரைக்கும் உக்கார இடம் இருந்தும் நின்னுட்டே வந்தேன்.

கம்பெனிக்காரன்கிட்ட பேசினேன். "பிளான்ட் ராத்திரி நின்னுபோச்சுன்னா 8 வருஷக்காரன் மேனுவலைத் தேடுவான், இவன் சத்தத்தை வச்சே சொல்லுவான்"னேன். யோசிக்கிறேன்னான். அது ஆமா இல்லை, ஆனா இல்லைன்னும் சொல்லலை. உன்னைக் கேக்காம பயோடேட்டாவை அனுப்ப மாட்டேன். நீயும் அதே கம்பெனிக்கு வேற கன்சல்டன்சி வழியா அனுப்பிடாத. ரெண்டு பக்கம் போனா கமிஷன் யாருக்குன்னு சண்டை வரும், உன்னையே ஓரம் கட்டிடுவாங்க. எங்களுக்கு வருஷச் சம்பளத்துல 8.33 பர்சன்ட், அதாவது உன்னோட ஒரு மாசச் சம்பளம். அதைக் கம்பெனிதான் கட்டும், நீ இல்லை.

எவனாவது ரெஜிஸ்ட்ரேஷன் பீஸ், லேப்டாப் டெபாசிட்னு கேட்டா போனை வை. பேஸ்புக்ல தாய்லாந்து, கம்போடியான்னு வந்தா திரும்பிக்கூடப் பார்க்காத. 2022-ல ஐடி வேலைன்னு நம்பிப் போன நம்ம தமிழ்ப் பசங்க மியான்மர்ல மாட்டிக்கிட்டதைப் பேப்பர்ல படிச்சிருப்ப.

செல்விகிட்ட சொல்லிட்டியா? சொல்லலைன்னா முதல்ல அதைச் சொல்லு, அப்புறம் பயோடேட்டாவை மாத்தலாம். அம்மா உன்னை விசாரிச்சாங்க. நான் ஒண்ணும் சொல்லலை.

ஞாயித்துக்கிழமை 10 மணிக்கு மேல கூப்பிடு. அதுக்கு முன்னாடி காசிமேட்டுல இருப்பேன், ஏலச் சத்தத்துல ஒண்ணும் கேக்காது. பேசும்போது பழைய பயோடேட்டாவைத் திறந்து வச்சுக்கோ, வரி வரியா மாத்தலாம். போட்டோவைத் தூக்கிடு. இல்லைன்னா என்னையும் முழுசா சேத்துப் போடு.

சேகர்