கல்துகள் பைகளைத் தூக்கி எறியாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கடலடியில் புதைந்து கிடக்கும் விண்கல் பள்ளங்களைப் பற்றிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். அவற்றில் முக்கியமானவை எண்ணெய் தேடப் போனவர்களின் கண்ணில் பட்டவை என்பதை அது சொல்லாமல் விட்டுவிட்டது.

மெக்சிகோவின் சிக்சுலுப் பள்ளம் 1978-இல் எண்ணெய்க்காக நடத்திய காந்த அளவீட்டில் அரைவட்டமாகத் தெரிந்தது. விண்கல்தான் என்று 1991-இல் உறுதிசெய்ததும் பழைய எண்ணெய்க் கிணற்றுப் பாறைத் துண்டுகளை வைத்தே. அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவுக்கு அடியில் மூன்றரைக் கோடி ஆண்டுகளாகக் கிடக்கும் பள்ளத்தின் வடிவமும் எண்ணெய் நிறுவனங்கள் நிலத்துக்குள் அதிர்வலைகளை அனுப்பி எடுத்த பதிவுகளில்தான் தெளிவானது. அந்தப் பகுதியின் நிலத்தடி நீர் ஏன் அப்படி உப்புக் கரிக்கிறது என்ற பழைய கேள்விக்கும் அதோடு விடை கிடைத்தது.

சில்வர்பிட் கதை இன்னும் பெரிது. பிரிட்டனுக்குக் கிழக்கே உள்ள வடகடலின் தரைக்கு 700 மீட்டர் கீழே, மூன்று கிலோமீட்டர் அகலத்தில், சுற்றிலும் வளையம் வளையமாகப் பிளவுகளோடு இருக்கும் பள்ளம் அது. 2002-இல் அதை அறிவித்தவர்கள் விண்கல் என்றார்கள். அடியில் உப்புப் படிவம் நகர்ந்ததால் நிலம் உள்வாங்கியது என்றார்கள் மற்றவர்கள். 2009-இல் லண்டனில் நடந்த விவாதத்தில் வாக்கெடுப்பே நடந்தது. விண்கல் தரப்பு தோற்றது. 2025-இல்தான் வழக்கு தீர்ந்தது. எண்ணெய்க் கிணறு ஒன்றின் கல்துகளில், பள்ளத்தின் தரை இருக்கும் அதே ஆழத்தில், விண்கல் மோதும் அதிர்ச்சியில் கோடுகள் விழுந்த குவார்ட்ஸ் என்ற படிகக் கல் மணிகள் அகப்பட்டன. நுண்ணோக்கியில் சீப்பால் வாரியதுபோல் இணைகோடுகளாகத் தெரியும் அவற்றை உப்பு நகர்ந்து உண்டாக்க முடியாது.

துளையிடும் மேடைகளில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். சேற்றோடு மேலே வரும் கல்துகளைச் சல்லடையில் அள்ளிக் கழுவி, உலர்த்தி, துணிப்பையில் கட்டி, அழியாத மையால் ஆழத்தை எழுதி வைப்பேன். ஒரு கிடங்கைக் காலி செய்தபோது என் கையெழுத்திருந்த பைகள் குப்பையாக லாரி ஏறியதை நின்று பார்த்திருக்கிறேன். இடம் வேண்டும் என்றார்கள். அந்த ஆழத்துக் கல்லை மறுபடி எடுக்க இன்னொரு துளை போட வேண்டும், யார் போடுவார்கள்?

எண்ணெய் கிடைக்காத கிணற்றின் துகள்களையும் பதிவுகளையும் அழிக்காமல் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட வேண்டும். இதைத் தங்கள் இதழ் உரக்கக் கேட்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நிலவியல் பணியாளர் ஒருவர்